எச்சம்

ஆறு மணிக்குள் வேண்டுமாம், முந்நூறு சொல்.
கொழும்பிலிருந்து பர்ஸான் அனுப்பியிருக்கிறார்:
அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் காலமானார்,
வயது எண்பத்தொன்று.
லயத்துக்குள் சிக்னல் இல்லை.
மருதமுத்துவின் கிழங்குப் பாத்தி ஓரம்
தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தால்
இரண்டு கோடு வரும்,
கந்தப்பளையில் மழை இல்லாவிட்டால்.

கடைக்காரர் மகன்.
மூன்று தடவை தோற்று நாலாம் தடவை வென்றவர்.
இதெல்லாம் சுலபம், விரல் தானாகப் போகிறது.
ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்களை
ஒரே மேசையில் உட்காரவைத்து
விடியவிடியக் கதவுக்கு வெளியே தானே நின்றாராம்,
ஆறிப்போன தேத்தண்ணியோடு.
(யார் கொழுந்தோ என்று ஒரு கணம் நினைத்தேன்.
கட்டுரையில் அது இல்லை.)
காலையில் கையெழுத்தானது.
அதே மனுஷன் காசு மிச்சம் பிடிக்க
தான் பிறந்த ஆஸ்பத்திரியையே மூடினாராம்.
இரண்டு வருஷம் அவருடைய அம்மா
அவரோடு பேசவில்லை.

கடைசிப் பத்தி ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.
அவர் விட்டுப்போனது என்று அதற்குப் பொருள்.
மரபு என்று போட்டேன், அழித்தேன்.
அவர் மரபைத்தானே உடைத்தார்.
பாரம்பரியம்: நாதஸ்வரம் கேட்கிறது.
சொத்து: கடைசிவரை வாடகை வீடு.
முதுசம்: நல்ல சொல்தான்,
உறுதி வைத்திருப்பவர்களின் சொல்.
எங்கள் பக்கம் அது புழங்கியதில்லை.

"யாரு செத்தது?"
மண்வெட்டியில் சாய்ந்தபடி மருதமுத்து.
"அயர்லாந்துல ஒருத்தர்."
"அது எந்தத் தோட்டம்?"
"தோட்டமில்லண்ணே, நாடு.
கெழங்கையே நம்பி இருந்த நாடு.
நோய் விழுந்து பத்து லட்சம் பேர் செத்தாங்க,
அது ரொம்ப முந்தி.
இன்னும் பத்து லட்சம் பேர் கப்பல் ஏறிட்டாங்க."
அவர் குனிந்து ஒரு இலையைத் திருப்பி
அடிப்பக்கத்தைப் பார்த்தார்.
"ஒரு ராத்திரி மூடுபனி போதும்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"கப்பல்ல போனவங்கள
திரும்ப எடுத்தாங்களா?"

அதுவும் கட்டுரையில் இல்லை.

தொட்டிக்குக் கீழே அடிக்கல்.
கறுப்பு மாபிளில் மந்திரி பெயர், தேதி.
ஐம்பது வீடு, ஆளுக்கு ஏழு பேர்ச்
என்று மைக்கில் சொன்ன அன்று எனக்குப் பதினாறு.
மாலை போட்டது நான்தான்.
படத்தில் என் முழங்கை மட்டும் விழுந்திருந்தது.
மந்திரி போய்விட்டார். கல் இருக்கிறது.
காகத்துக்கு உட்கார வசதி.
பெயரின் முதல் இரண்டு எழுத்து எப்போதும் வெள்ளை.

எச்சம்.

காகம் விட்டதற்கும் அதுதான் பெயர்,
பெற்றுவிட்டுப் போகும் பிள்ளைக்கும் அதுதான்.
முடியாத வினைக்கும்:
வந்து, நட்டு, வாக்குக் கொடுத்து
என்று பாதியில் நின்று
முடிக்கிற சொல்லுக்காக
வாசலில் காத்துக்கொண்டிருப்பது.

'சிக்கலான எச்சம்' என்று அனுப்பினேன்.
மூன்று நிமிஷத்தில் பதில்:
"எச்சம் வேண்டாம் தங்கச்சி, ஆட்கள் சிரிப்பாங்க.
மரபு போடுங்க. பதினொரு சொல் கூட இருக்கு,
அந்த ஐஸ்கிரீம் வரியை வெட்டுங்க."

மரபு போட்டேன். நானூற்றைம்பது ரூபாய்.
வெட்டுமுன் அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன்:
பாலத்தில் சோதனைச் சாவடி இருந்த இடத்தில்
இப்போது ஞாயிறுதோறும் ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறது.

மருதமுத்து நிமிர்ந்தார்.
ரம்பொடைச் சாவடியில்
மூன்று மணிநேரம் வெயிலில் நின்றவர் அவர்,
மடியில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை.

"அதப் போடு" என்றார்.
"வேற எதையாச்சும் வெட்டு."

வயதை வெட்டினேன். கடைக்காரர் மகனை வெட்டினேன்.
இன்னும் நாலு சொல்.
மேட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரு கோடு போய்விட்டது.
அவர் அடுத்த செடிக்கு நகர்ந்து
இன்னொரு இலையைத் திருப்பினார்.